லயத்துச் சோறு

கித்தாக்காட்டு நோய்க்கதை – 6

போன வாரத்தை ஒரு புதிரில் நிறுத்தியிருந்தேன். 1900-ஐ ஒட்டிய வருடங்கள். இடம் நெகிரி செம்பிலான். நம் கோலா சுங்கை பாருவிலிருந்து கடலோரமாகவே வடக்கே போய் லிங்கி ஆற்றைத் தாண்டினால் அந்த மாநிலம்தான். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்யும் சீனர்கள் கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டிச் சாகிறார்கள். சாலை போடவும் தண்டவாளம் போடவும் கப்பலேறி வந்த தமிழர்களும் சாகிறார்கள்தான். காய்ச்சலில் சாகிறார்கள், சீதபேதியில் சாகிறார்கள், காலராவில் சாகிறார்கள். ஆனால் சீனரைக் கொல்லும் அந்த ஒரு நோய் மட்டும் தமிழரைத் தொடுவதில்லை. அதே மழை, அதே சேறு, அதே கொசு. பிறகு ஏன்?

இந்த வாரம் டவுனில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது பக்கத்து மேசைப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். கோப்பையைக் கீழே வைக்காமலே, "நம்ம ரத்தம் கெட்டி தம்பி" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் படித்த டாக்டர்களே இனத்தையும் ரத்தத்தையும் காட்டித்தான் இப்படிப்பட்ட புதிர்களைத் தீர்க்கப் பார்த்தார்கள். இரண்டுமே தப்பு. விடை ரத்தத்தில் இல்லை. அது எங்கே இருந்தது என்று சொல்வதற்கு முன், நோயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம்.

பெயர் பெரிபெரி. சிங்களத்தில் 'பெரி' என்றால் முடியாது. அதையே இரண்டு முறை சொன்னதுதான் நோயின் பெயராயிற்று என்பது பரவலான கருத்து. முடியல, முடியல. பெயரிலேயே நோயாளியின் குரல் கேட்கிறது. சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே, எலும்பு தட்டுப்படும் இடத்தில் டாக்டர் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்த பிறகும் குழி மேலெழும்பாது, பிசைந்த மாவில் விரல் பதிந்ததுபோல் நிற்கும். அடுத்து, குந்து என்பார். குந்துவான். எழுந்திரு என்பார். அங்கேதான் தெரியும். நேற்று வரை மண் சுமந்தவன், தொடையில் கை ஊன்றி, சுவரைப் பிடித்து, அப்படியும் எழ முடியாமல் உட்கார்ந்துவிடுவான். சிலருக்கு வீக்கமே இருக்காது. நரம்பு செத்து, கால் மரத்து, பாதம் தொங்கிப்போய் இழுத்து இழுத்து நடப்பார்கள். சிலருக்கு இதயம் வீங்கும். காலையில் பேசிக்கொண்டிருந்தவன் சாயங்காலம் இருக்கமாட்டான்.

நோய் தாக்கிய இடங்களின் பட்டியலும் விசித்திரம். சுரங்கத்துக் கொங்சிகள், சிறைச்சாலைகள், மனநோய் விடுதிகள், கப்பல்கள். நூற்றுக்கணக்கில் ஆட்களை ஒரே கூரையின் கீழ் அடைத்த இடங்கள். பார்த்தவர்கள் உடனே என்ன நினைப்பார்கள்? ஒட்டுவாரொட்டி என்றுதான்.

காலமும் அப்படிப்பட்ட காலம். 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டார். 1884-இல் அதே ஆள் கல்கத்தாவில் உட்கார்ந்து காலராக் கிருமியைப் பிடித்தார். அதன் பிறகு எந்த நோயைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. புதிதாகச் சுத்தியல் வாங்கியவன் வீட்டில் ஆணி தேடி அலைவான் இல்லையா, அந்தக் கதை. 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியபோது முதல் இயக்குநராக வந்த ஹாமில்டன் ரைட்டும், பெரிபெரிக்குக் காரணம் கிருமிதான், அது குடியிருக்கும் இடத்திலிருந்து வயிற்றுக்குள் போகிறது என்று அடித்துச் சொன்னார். (இதே ரைட்தான் பின்னாளில் அமெரிக்காவில் அபின் ஒழிப்புக்குத் தலைமை தாங்கிப் பெயர் வாங்கினார். பெரிபெரியில் வாங்கியிருக்க முடியாது.)

கிருமிக் கட்சிக்கு இடைஞ்சலான சேதிகள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தன. 1882-இல் புறப்பட்ட ஜப்பானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ர்யூஜோவில் 376 பேர் போனார்கள். 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் சாவு. கடற்படை டாக்டர் தகாகி அடுத்த கப்பலை 1884-இல் அதே வழியில் அனுப்பினார். சாப்பாட்டை மட்டும் மாற்றினார். இறைச்சி, பால், பார்லி. ஒருவரும் சாகவில்லை.

ஜாவாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. டச்சு டாக்டர் கிறிஸ்டியான் ஐக்மன், பத்தாவியா ராணுவ ஆஸ்பத்திரியில் பெரிபெரிக் கிருமியைத் தேடிக் கோழிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போட்ட கோழி, போடாத கோழி எல்லாமே கால் மடங்கி விழுந்தன. சில மாதம் கழித்து எல்லாமே தாமாக எழுந்து நடந்தன. விசாரித்தால் விஷயம் சமையலறையில். கோழிகளுக்கு மிச்சம் விழுந்த வெள்ளைச் சோறு போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியை ராணுவத்தில் இல்லாத கோழிகளுக்கு எதற்குப் போடுவது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தவிடு நீக்காத மட்ட அரிசிக்கு மாறின, பிழைத்தன. அந்தச் சமையல்காரரின் கஞ்சத்தனத்துக்கு யாரும் நோபல் கொடுக்கவில்லை. ஐக்மனுக்கு 1929-இல் கொடுத்தார்கள். ஐக்மனின் நண்பர் ஃபோர்டர்மன் பிறகு ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். தவிடு ஒட்டிய அரிசி தின்ற கைதிகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். தீட்டிய வெள்ளை அரிசி தின்றவர்களில் 39 பேருக்கு ஒருவர்.

ஆனால் ஜாவாவின் பதில் நம் புதிருக்கு முழுசாகப் பொருந்தவில்லை. மலாயாத் தமிழன் தின்றது தவிட்டு அரிசி அல்லவே! அவன் தின்றதும் மில்லில் தீட்டிய அரிசிதான், மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்து கப்பலில் வந்ததுதான்.

இங்கேதான் நெகிரி செம்பிலானின் அரசு டாக்டர் லெனார்ட் பிராடன் வருகிறார். பிராடன் அதிகம் கொண்டாடப்படாத மனிதர். அவர் செய்தது மிகச் சாதாரணமான வேலை. யார் சட்டியில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்தார். சீனர் சட்டியில் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் சட்டியில் சொந்த வயலில் விளைந்து அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. தமிழர் சட்டியில் புழுங்கல் அரிசி.

அவ்வளவுதான் விஷயம். புழுங்கல்.

பிராடன் 1907-இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒன்று சொல்லியாக வேண்டும்: மருந்தைச் சரியாகக் கண்ட பிராடன், காரணத்தைத் தப்பாகச் சொன்னார். மூட்டையில் கிடக்கும் பச்சரிசியில் ஏதோ பூஞ்சை வளர்ந்து நஞ்சு உண்டாகிறது, நெல்லை வேகவைத்தால் அந்த நஞ்சு உண்டாவதில்லை என்பது அவர் எண்ணம். நோய்க்குக் காரணம் என்றால் உள்ளே நுழைந்த ஏதோ ஒன்று என்றுதான் அவராலும் யோசிக்க முடிந்தது. கிருமி இல்லையென்றால் நஞ்சு. உள்ளே வராமல் போன ஒன்றும் ஆளைக் கொல்லும் என்பது அன்றைக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத விஷயம்.

*

இப்போது கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனைக்குப் போவோம். 1905-இல் அங்கே பெரிபெரி பேயாட்டம் ஆடியிருந்தது. இருந்தவர்கள் 219 பேர். 94 பேருக்கு நோய், 27 பேர் சாவு. பொறுப்பில் இருந்த டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், பிராடன் சொல்வதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

இடம் அதற்கென்றே கட்டியதுபோல் இருந்தது. உயரமான சுற்றுச்சுவர். நடுவில் முற்றம். முற்றத்தின் கிழக்கிலும் மேற்கிலும் அச்சில் வார்த்ததுபோல் இரண்டு கட்டடங்கள். 1905 டிசம்பர் 5-ஆம் தேதி உள்ளே இருந்த எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். இடது பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்கு, வழக்கமான சயாம் பச்சரிசிக்கு. இரட்டைப்படை விழுந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு, புழுங்கல் அரிசிக்கு. அரிசியைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே.

அந்த வரிசையை நினைத்துப் பார்க்கிறேன். யாருக்கும் எதுவும் விளக்கியிருக்கப்போவதில்லை. விளக்கினாலும் புரிந்துகொள்ளும் நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பக்கத்தில் நின்றவன் ஒரு அடி நகர்ந்து நின்றிருந்தால் எண் மாறியிருக்கும். எண் மாறினால் சோறு மாறியிருக்கும். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் ஆட்களைத் தானே பொறுக்கி எடுக்காமல் எண்ணின் கையில் விட்டது ஃபிளெட்சரின் நேர்மை. சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிற்பாடு உலகம் படித்துக்கொண்ட முறை அது.

ஆண்டின் நடுவில் இன்னொன்றும் செய்தார். இடத்தில்தான் கிருமி இருக்கிறது என்கிறார்களே, பார்த்துவிடலாம் என்று இரண்டு பக்கத்தாரையும் கட்டடம் மாற்றினார். சோறு மாறவில்லை, கூரை மட்டும் மாறியது. நோய் கூரையோடு போகவில்லை, சோற்றோடு போனது.

1906 முடியும்போது கணக்கு வந்தது. பச்சரிசி தின்ற 120 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் நோயிருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு இல்லை.

அப்போதும் கிருமிக் கட்சி மசியவில்லை. ஆகவே ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907 முதல் ஜெலபு பக்கத்தில், டுரியான் திப்புஸ் என்ற காட்டுக்குள் சாலை போட வந்த 300 ஜாவாக்காரர்களிடம் அதையே செய்தார்கள். கன்னிக் காடு, பழைய கட்டடமும் இல்லை, பழைய கிருமியும் இல்லை. மூன்று மாதம் போல ஆனதும் பச்சரிசிக் கூட்டத்தில் கால் வீங்கத் தொடங்கியது. அரிசியை மாற்றியதும் நின்றது. புழுங்கல் கூட்டத்துக்குப் பச்சரிசியைக் கொடுத்தபோது நோய் அங்கே கிளம்பியது. பிறகு இருவரும் கோலாலம்பூர்க் கூடத்துக்குத் திரும்பி, மில்லில் கழித்துக் கொட்டும் தவிட்டைக் குடைந்தார்கள். நோயைத் தடுக்கிற பொருள் அதில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பநாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து தின்பதுதான் பெரிபெரிக்கு மூலம் என்று தீர்மானம் போட்டது. 1912-இல் லண்டனில் காசிமிர் ஃபங்க் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு நாம் பி1, தயமின் என்கிறோம். 1936-இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த நெல்லூர்.

*

சரி, நெல்லை வேகவைத்தால் என்னதான் நடக்கிறது? போன சனிக்கிழமை கடையில் இரண்டு அரிசியிலும் ஒரு கைப்பிடி வாங்கி வந்து ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாளில் கொட்டினேன். பச்சரிசி சுண்ணாம்புபோல் வெளுப்பு. ஒரு மணியை எடுத்துக் கடித்தால் பொடிந்துவிடுகிறது. புழுங்கல் லேசான மஞ்சள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மெழுகுபோல் உள்ளே ஒளி போகிறது. கடித்தால் பல் வழுக்குகிறது. மூக்கில் வைத்தால் ஊறின நெல்லின் அந்த மொச்சை. சீனர்களுக்கு இந்த மணம்தான் பிடிக்கவில்லை.

பி1 இருப்பது தவிட்டிலும் முளையிலும். பச்சை நெல்லைத் தீட்டும்போது அது தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் அவித்தால், தண்ணீரில் கரையும் அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து, காயும்போது கெட்டிப்பட்டு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு மில்காரன் எவ்வளவு தீட்டினாலும் முழுசாகப் பிடுங்க முடியாது. உடம்பில் இந்தச் சத்துக்குப் பெரிய சேமிப்பும் கிடையாது; இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தாங்காது. சோற்றை எரித்துச் சக்தியாக்குவதற்கே பி1 வேண்டும். ஆகவே வெறும் வெள்ளைச் சோற்றை அதிகம் தின்றவன், அதிகம் உழைத்தவன், சீக்கிரம் விழுந்தான்.

என் அப்பாயிக்கு இதெல்லாம் தெரியாது. மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, விடியற்காலை பிரட்டுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். பச்சரிசி அவருக்குப் பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும்தான். வீட்டில் யாராவது வெள்ளை அரிசி வாங்கி வந்தால், "இது விருந்தாளிச் சோறு. வெயில்ல நிக்கிறவனுக்கு வயித்துல நிக்காது" என்பார். அரிசியை ஒரு தண்ணிக்குமேல் களையவிடமாட்டார். வடித்த கஞ்சியைக் கீழே கொட்டினால் கரண்டி பறந்து வரும். களைந்த நீரிலும் வடித்த நீரிலும்தான் பி1 கரைந்து ஓடுகிறது என்று நான் பின்னால் படித்தபோது, அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்தது.

அப்பாயியைப் பெரிய ஞானியாக்க நான் தயாரில்லை. நெல்லைப் புழுக்கியது உமி நீக்கும்போது அரிசி நொறுங்காமல் இருக்க, பூச்சி அரிக்காமல் நாள்பட வைத்திருக்க. நோய் தடுத்தது கூடவே வந்த லாபம். தோட்டத்துத் துரைமாரும் கருணையால் புழுங்கல் கொடுக்கவில்லை. தமிழனுக்கு அது பழக்கம், ரங்கூனிலிருந்து மூட்டை மூட்டையாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இன்றைக்கு இதே ஊர் கிளினிக்கில் இனிப்புநீருக்கு நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கும் நம்மவர்களிடம் புழுங்கல் அரிசியின் பெருமை பேசினால் நர்ஸ் நம்மை வெளியே அனுப்பிவிடுவார். ஒரு நோய்க்குக் காவல், எல்லா நோய்க்கும் காவல் இல்லை.

ரத்தம் கெட்டி என்ற பெரியவருக்கு வருவோம். அவருக்கு 1942 பதில் சொன்னது. மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசிக் கப்பல் வருவது நின்றது. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 1943-இல் பல்லாயிரம் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து ரயிலேற்றிச் சயாம்–பர்மா தண்டவாளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிடைத்தது தீட்டிய அரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. அங்கே தமிழன் காலும் வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் அவன் காலிலும் குழி விழுந்து நின்றது. அதே ரத்தம்தான்; சட்டிதான் வேறு. அந்தத் தண்டவாளத்தின் கதைக்குத் தனியாக வாரங்கள் வேண்டும். பிறகு வருகிறேன்.

இப்போதைக்குத் திரும்பவும் 1911. பெரிபெரிப் புதிர் அவிழ்ந்துவிட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் புழுங்கல் அரிசி வந்துவிட்டது. மலாக்காவில் 1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்ட முதல் ரப்பர்க் கன்றுகளின் வழியில், காடெல்லாம் கித்தாக்காடாகி வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆள் இறங்கினார்கள். லயத்தில் மூன்று வேளையும் புழுங்கல் சோறு. ஆனால் அந்த வருடம் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் சாவு ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டிப் போயிருந்தது. சட்டியில் குறையில்லை. பிறகு கொன்றது எது?

காய்ச்சல். அதற்கும் ஒருவர் மருந்து கண்டுவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 1901-இல் 334 பேர். மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் காட்டை வெட்டி, சதுப்பை வடித்தார். 1905-இல் வந்தவர்கள் 12 பேர். சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியது. குன்றுப்பக்கத் தோட்டங்களிலும் துரைமார் அதையே செய்யச் சொன்னார்கள்: பள்ளத்தாக்குக் காட்டை மொட்டையாக வெட்டு, ஓடையைத் துப்புரவாக்கு, வெயில் படட்டும்.

வெட்டினார்கள். ஓடையில் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் ஓடியது. வெயிலும் பட்டது. அதன் பிறகு லயங்களில் காய்ச்சல் குறையவில்லை, ஏறியது.

(தொடரும்)